கேன்சர் சிகிச்சை முடிஞ்ச பிறகு எடையும் கொழுப்பும் ஏறுதா? களி, கொள்ளு முதல் தினசரி நடை வரை... தருமபுரிக்காரர்களுக்கான முழு விளக்கம்

கீமோ முடிந்தது, ரேடியேஷனும் முடிந்தது. "இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இப்படி ஊர் திரும்பும் ஒருவரைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை அநேகமாக இதுதான்: "உடம்பு போயிடுச்சேம்மா... நல்லா சாப்பிடு. ஒரு வேலையும் செய்யாதே, படுத்துக்கோ."

பாசத்தில் சொல்வதுதான். சாப்பாடே இறங்காத கீமோ நாட்களில் 'நல்லா சாப்பிடு' என்பது தேவையான அறிவுரையும் கூட. ஆனால் சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அதே இனிப்புக் கஞ்சி, அதே ரெஸ்ட் என்று போனால், பலருக்கு எடை ஏறுகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் 'கொலஸ்ட்ரால் அதிகம்' என்று வருகிறது. கேன்சரை ஜெயித்தவர்கள் இந்த ரிப்போர்ட்டை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "அதையே தாண்டி வந்தாச்சு, இது என்ன பெரிய விஷயம்?" என்று விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் அது பெரிய விஷயம்தான். அமெரிக்க இதயச் சங்கம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட வயதான பெண்களின் உயிருக்கு, அந்தப் புற்றுநோயைவிட இதய நோய்தான் பெரிய ஆபத்தாக இருக்கிறது என்று எச்சரித்தது. அப்படியானால் என்ன செய்யணும்? எதைச் சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும், எப்போது டாக்டரைப் பார்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• சிகிச்சையின்போது இருந்த சாப்பாட்டு விதி, சிகிச்சை முடிந்ததும் மாறுகிறது.
• எடை ஏறியவருக்கும் இளைத்தவருக்கும் ஒரே உணவுமுறை பொருந்தாது.
• எடை குறையாவிட்டாலும் நடைப்பயிற்சியால் பலன் உண்டு.
• கொலஸ்ட்ரால் மாத்திரையையோ ஹார்மோன் மாத்திரையையோ தானாக நிறுத்தக் கூடாது.
• எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் கேன்சர் சிகிச்சை ஃபைல் கையில் இருக்கணும்.

முதல் கேள்வி: இளைத்தவரா, ஏறியவரா?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். கேன்சர் சிகிச்சை முடித்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதைத்தான். தான் எந்தப் பக்கம்?

வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, கணையப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெற்ற பலர் இளைத்துப்போய் இருப்பார்கள். விழுங்க முடியாது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இவர்களுக்கு எடையை மீட்பதுதான் முதல் வேலை. எண்ணெயைக் குறை, சோற்றைக் குறை என்ற அறிவுரை இவர்களுக்கு ஆபத்து.

மார்பகம், கருப்பை உட்சுவர், புராஸ்டேட், பெருங்குடல் புற்றுநோய், சில ரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கு சிகிச்சை பெற்றவர்களில் எடை ஏறுபவர்கள் அதிகம். இந்தக் கட்டுரையில் வரும் எடைக் குறைப்பு வழிகள் இவர்களுக்கானவை.

முக்கியமான ஒன்று: டயட்டோ நடையோ இல்லாமல் எடை தானாகக் குறைந்தால் அதைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. சிகிச்சை முடிந்தவருக்கு அது ஓர் எச்சரிக்கை. உடனே கேன்சர் டாக்டரிடம் சொல்லணும்.

எடையும் கொழுப்பும் ஏன் ஏறுது?

சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. சிகிச்சையே பல வழிகளில் உடம்பை மாற்றுகிறது.

ஸ்டீராய்டு: கீமோவுடன் வாந்தி, அலர்ஜி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது வழக்கம். இது பசியைத் தூண்டும், சர்க்கரையை ஏற்றும்.

மாதவிடாய் நின்றுபோவது: கீமோவால் இளம் வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடலாம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறும்.

ஹார்மோன் மாத்திரைகள்: தமாக்சிஃபென் எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் சிலருக்கு ட்ரைகிளிசரைடை ஏற்றும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் எடுப்பவர்களுக்கு தமாக்சிஃபெனின் அந்தப் பாதுகாப்பு இருக்காது. அதனால் இவர்களிடம் கொலஸ்ட்ரால் அதிகமாகக் காணப்படுகிறது.

புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி: ஆண் ஹார்மோன் அடங்குவதால் தசை குறைந்து கொழுப்பு கூடும். எடை மிஷினில் பெரிய வித்தியாசம் தெரியாது. வேட்டி கட்டும்போது இடுப்பில் தெரியும்.

தைராய்டு: பலரும் கவனிக்காமல் விடும் காரணம் இது. கழுத்தில் ரேடியேஷன் பெற்றவர்களுக்கு சில மாதங்களிலோ வருஷங்களிலோ தைராய்டு சுரப்பு குறையலாம். சில இம்யூனோதெரபி மருந்துகளாலும் இது வரும். சோர்வு, மலச்சிக்கல், எடை ஏற்றம், எல்டிஎல் உயர்வு எல்லாம் சேர்ந்து வரும். இங்கே டயட் பலன் தராது. தைராய்டு மாத்திரை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆகவே கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்றால், டயட் தொடங்கும் முன் தைராய்டும் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடணும். கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை டிஎஸ்ஹெச் பரிசோதனை செய்துகொள்ளணும்.

இதோடு இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. கேன்சர் வராதவர்களிடமே இந்தியாவில் கொழுப்புப் பிரச்னை அதிகம். ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் 81.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒன்று சரியாக இல்லை.

எவ்வளவு இருந்தா அதிகம்?

பிஎம்ஐ: எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். உதாரணமாக 155 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ள பெண்ணின் பிஎம்ஐ 25.8. பார்க்க சாதாரணமாகத் தெரிந்தாலும் கணக்குப்படி இது உடல் பருமன்.

இடுப்பளவு: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் டேப் வைத்து அளக்கணும்.

எல்டிஎல்: இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் தந்த வழிகாட்டுதல்படி, பொதுவாக 100-க்குக் கீழே இருக்கணும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழே.

ட்ரைகிளிசரைடு: 150-க்குக் கீழே.

நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்: ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல்.

எவ்வளவு எடை குறைக்கணும்? 20 கிலோ எல்லாம் தேவையில்லை. இருக்கும் எடையில் 5 சதவீதம் என்பது நல்ல முதல் இலக்கு. 70 கிலோ இருப்பவருக்கு மூன்றரை கிலோ, அதுவும் ஆறு மாதத்தில். 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் வரை இறங்க வாய்ப்பு உண்டு.

தருமபுரி தட்டில் என்ன இருக்கு?

கேன்சர் டயட் என்றதும் ஓட்ஸ், ப்ராக்கோலி, ஆலிவ் ஆயில் என்று யூடியூப் சொல்லும். பென்னாகரத்திலோ அரூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் விளைகிற மாவட்டம் இது. பிரச்னை பெரும்பாலும் அளவிலும் கூடச் சேர்ப்பதிலும்தான் இருக்கிறது.

கேழ்வரகு: 100 கிராம் மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்தும் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் இருக்கின்றன. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும் என்பதால் இந்தக் கால்சியம் கூடுதல் லாபம். ஆனால் அதே 100 கிராமில் சுமார் 320 கலோரியும் உண்டு. ராகி என்பதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது. இன்னொன்று, களியை யாரும் மென்று சாப்பிடுவதில்லை, விழுங்குவதுதான் பழக்கம். வேகமாக இறங்குவதால் 'போதும்' என்ற உணர்வு வருவதற்குள் இரண்டாவது உருண்டையும் உள்ளே போயிருக்கும். எடை குறைக்க வேண்டியவர்கள் சின்ன உருண்டை ஒன்றோடு நிறுத்திவிட்டு, கீரைக் குழம்பையும் பொரியலையும் கூட்டிக்கொள்ளலாம்.

தொண்டையில் ரேடியேஷன் எடுத்தவர்கள் கெட்டியான களியை விழுங்கும் முன் டாக்டரிடம் கேட்கணும். 

கொள்ளு: 'கொள்ளு கொழுப்பைக் கரைக்கும்' என்பார்கள். ரத்தக்குழாயில் இருக்கும் கொழுப்பை கொள்ளு போய்க் கரைப்பதில்லை. ஆனால் அதில் 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருக்கிறது. வயிறு நிறையும், அடுத்த பசி தள்ளிப்போகும். ரசத்தைவிட, வேகவைத்த கொள்ளை மசித்தோ சுண்டலாகவோ முழுசாகச் சாப்பிடுவதுதான் பலன்.

சத்துமாவுக் கஞ்சி: கீமோ நாட்களில் கைகொடுத்த கஞ்சி இது. சர்க்கரை, வெல்லம் போட்டு தினமும் இரண்டு டம்ளர் குடிக்கும் பழக்கம் சிகிச்சைக்குப் பிறகும் நிற்பதில்லை. எடை ஏறியவர்கள் உப்புப் போட்டு, மோர் கலந்து, ஒரு வேளை உணவுக்குப் பதிலாக மட்டும் குடிக்கலாம். சாப்பாட்டோடு கூடுதலாக வேண்டாம்.

டீ: ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், அதாவது 160 கலோரி. ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. டீயிலேயே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது.

மாம்பழம்: சீசனில் ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு மேல் இரண்டு பழம் என்பதை, மாலையில் பாதிப் பழம் என்று மாற்றினால் போதும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் டாக்டர் சொல்லும் அளவு.

நிப்பட்டு, போண்டா, பப்ஸ், மிக்சர்: வாரம் ஒரு நாள். டீக்குத் துணையாகத் தினமும் என்றால், நடந்து குறைத்ததெல்லாம் திரும்ப ஏறிவிடும்.

எண்ணெய் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் எண்ணெய் என்று வைத்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3 கிலோ. வீட்டில் எவ்வளவு வாங்குகிறோம் என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. எல்டிஎல்லை ஏற்றுவது இந்த வகைதான். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 20 சதவீதத்துக்குள். விலை வித்தியாசம் அதிகம் என்பதால் பாமாயிலை முழுசாக விட முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் பாமாயிலின் அளவைக் குறைத்து, தாளிக்க மட்டும் கடலை எண்ணெய் பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை எந்த எண்ணெயாக இருந்தாலும் நிறுத்தணும்.

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. 'நல்ல கொழுப்பு' என்று காலையில் ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்கும் பழக்கம் எல்டிஎல் அதிகம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

புரதம் குறையக் கூடாது

எடை குறைக்கணும் என்று சாப்பாட்டையே குறைத்தால் முதலில் போவது தசை. சிகிச்சையில் ஏற்கெனவே தசை இழந்தவர்களுக்கு இது இரட்டை அடி. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 70 கிராம்.

• ஒரு முட்டை: 6 கிராம்
• ஒரு டம்ளர் பால் (200 மி.லி.): 6 கிராமுக்கு மேல்
• ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்): சுமார் 7 கிராம்
• மீல்மேக்கர் 30 கிராம்: சுமார் 15 கிராம்
• மீன் 100 கிராம்: சுமார் 20 கிராம்

ஒகேனக்கல் மீன் என்றாலே வறுவல் நினைவுக்கு வரும். குழம்பாகச் சாப்பிட்டால் அதே புரதம், எண்ணெய் குறைவு. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யணும்.

ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கலாம்?

காலை: இட்லி 3 அல்லது ராகி தோசை 2, சாம்பார், ஒரு அவித்த முட்டை.

மதியம்: தட்டில் பாதி கீரை, காய்கறி. கால் பங்கு சாமைச் சோறு அல்லது சின்னக் களி உருண்டை. கால் பங்கு கொள்ளு, பருப்பு, மீன் அல்லது தோல் நீக்கிய கோழி. கூடவே மோர்.

மாலை: அவித்த கடலை அல்லது சுண்டல் ஒரு கைப்பிடி, சர்க்கரை குறைந்த டீ, ஒரு கொய்யா.

இரவு: சப்பாத்தி 2 அல்லது மதியத்தைவிடக் குறைந்த சோறு, காய்கறிக் கூட்டு. எட்டு மணிக்குள் முடித்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுப்பவர்கள் முழுசாக விட வேண்டியதில்லை. சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 500 கிராமைத் தாண்டக் கூடாது என்பதுதான் உலக அளவில் சொல்லப்படும் வரம்பு. எல்டிஎல் அதிகம் உள்ளவர்கள் அதிலும் பாதியாகக் குறைத்து, கொழுப்புத் துண்டுகளை ஒதுக்கிவிடலாம்.

நடை: எடைக்கு மட்டுமா?

இதில் 2025 ஜூனில் ஒரு முக்கியமான பதில் கிடைத்தது. 'சேலஞ்ச்' என்ற பெயரில் கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் நடந்த ஆய்வு, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர் இதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஆரோக்கியக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பாதிப் பேருக்கு மூன்று வருஷம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள்.

ஐந்து வருஷத்தில் புற்றுநோய் திரும்பாமல் இருந்தவர்கள், பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம். எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், மற்ற குழுவில் 83.2 சதவீதம்.

அவர்கள் செய்தது பெரிய ஜிம் பயிற்சி இல்லை. ஏற்கெனவே செய்து வந்ததற்கு மேல், வாரத்தில் மூன்று நான்கு நாள், 45 முதல் 60 நிமிடம் வேகமாக நடப்பதற்குச் சமமான அளவுதான்.

இன்னொரு தகவல்தான் பலருக்கும் ஆறுதல் தரும். இரண்டு குழுக்களுக்கும் இடையே எடையிலும் இடுப்பளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எடை குறையாமலேயே பலன் கிடைத்திருக்கிறது. அதனால் ஒரு மாதம் நடந்தும் எடை மிஷின் முள் நகரவில்லை என்று நடையை விட்டுவிடக் கூடாது. அதே சமயம் பயிற்சிக் குழுவில் தசை, மூட்டு வலிப் புகார்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தன. ஆகவே மெதுவாகத் தொடங்கணும். இந்த ஆய்வு பெருங்குடல் புற்றுநோய் பற்றியது; இதே எண்களை எல்லாப் புற்றுநோய்க்கும் அப்படியே சொல்ல முடியாது.

எப்படித் தொடங்குவது?

முதல் 2 வாரம்: காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம்.

3 முதல் 6-வது வாரம்: ஒரே தடவையில் 20 நிமிடம், வாரம் 5 நாள்.

7-வது வாரம் முதல்: 30 நிமிடம், வாரம் 5 நாள். இது வாரத்துக்கு 150 நிமிடம். பிறகு முடிந்தால் 45 நிமிடம்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? நடந்துகொண்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

இதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி அவசியம். நாற்காலியில் கைப்பிடிக்காமல் பத்து தடவை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. வீட்டிலேயே முடிகிற விஷயம்.

கோடையில் காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பிறகும் நடக்கலாம். தமிழக அரசு 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கி.மீ. நடைபாதைகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் நடக்க தனிப் பாதை தேவையில்லை. ஏரிக்கரை, பள்ளி மைதானம், தோட்டத்து வரப்பு எல்லாமே போதும். கூட ஓர் ஆள் இருந்தால் நடை விட்டுப்போகாது.

"நான் தினமும் கழனி வேலைக்குப் போறேன், அது போதாதா?" களை எடுப்பது, தக்காளி பறிப்பது, மண் சுமப்பது எல்லாம் உடலுழைப்புக் கணக்கில் வரும். நாள் முழுக்க வேலை செய்கிறவர் மேலே ஒரு மணி நேரம் நடக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவை சாப்பாட்டில் கவனமும் நல்ல தூக்கமும். சிகிச்சைக்குப் பிறகு வேலையை விட்டு வீட்டோடு இருப்பவர்தான் நடையைத் தொடங்கியே ஆகணும்.

குடம் தூக்கலாமா?

மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்களுக்கு 'அந்தக் கையில் எதையும் தூக்காதே' என்பது பழைய அறிவுரை. கை வீங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை. வீக்கம் திடீரென அதிகமாகும் சம்பவங்கள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன.

இதற்கு அர்த்தம் நாளைக்கே நிறைகுடத்தைத் தூக்கலாம் என்பதில்லை. அரை லிட்டர் பாட்டிலில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றணும். கையில் கனம், இறுக்கம், வீக்கம் தெரிந்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கணும். காயம், தேள்கடி, முள் குத்துவது எல்லாம் அந்தக் கைக்கு ஆகாது. தோட்ட வேலையில் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

யாரெல்லாம் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கணும்?

• டாக்சோரூபிசின், ட்ராஸ்டுசுமாப் மருந்து பெற்றவர்கள், இடது மார்பில் ரேடியேஷன் எடுத்தவர்கள். இவை இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ பரிசோதனை தேவையா என்று கேட்கணும்.
• எலும்புக்குப் புற்றுநோய் பரவியவர்கள்.
• வயிற்றில் மலப்பை வைத்திருப்பவர்கள். கனம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம்.
• பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தால் பாதம் மரத்துப்போனவர்கள். வெறுங்காலில் நடக்கவே கூடாது, ஷூ அவசியம். தினமும் இரவு பாதத்தைப் பார்க்கணும்.

நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், அதிக மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்கணும்.

மூட்டு வலிக்கு இங்கே ஒரு தனிக் கதை உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதனால் மூட்டு வலி என்றாலே "எல்லாம் தண்ணியால வர்றது" என்று விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. ஆனால் லெட்ரோசோல் போன்ற மாத்திரை தொடங்கிய பிறகு வந்த வலி என்றால், அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். சொன்னால் டாக்டர் மாற்று மருந்து பார்ப்பார். தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் இந்த வலி குறைவதாக ஆய்விலும் தெரியவந்திருக்கிறது. வலிக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

டயட் போதுமா, மாத்திரை வேணுமா?

சாப்பாட்டையும் நடையையும் மாற்றி மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யலாம். ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும். எல்டிஎல் அப்படி இல்லை. உணவால் ஓரளவுதான் குறையும். ஸ்டாட்டின் மாத்திரைகள் அதை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். சர்க்கரை, மாரடைப்பு போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கு மூன்று மாதம் காத்திருக்காமலேயே டாக்டர் மாத்திரை தொடங்குவார். அதை டயட் தோற்றதாக நினைக்க வேண்டாம். மாத்திரையும் நடையும் சேர்ந்துதான் இதயத்தைக் காக்கும்.

'கொழுப்பு கரைக்கும்' பொடி, எடைக் குறைப்பு கேப்ஸ்யூல், பெயர் தெரியாத லேகியம் வேண்டாம். சிலவற்றால் கல்லீரல் பாதிக்கும். சில, கேன்சர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். குழம்பில் போடும் மஞ்சள் பிரச்னை இல்லை. மஞ்சள் கேப்ஸ்யூல் வேறு விஷயம்.

ஃபைல் கையில் இருக்கட்டும்

தருமபுரிக்காரர்கள் பலர் கேன்சர் சிகிச்சைக்கு சேலம், பெங்களூரு, வேலூர், சென்னை என்று போகிறார்கள். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ராலுக்குப் பார்ப்பதோ உள்ளூரில். இந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. நெஞ்சில் ரேடியேஷன் எடுத்தது இங்கே இருப்பவருக்குத் தெரியாது. எல்டிஎல் 160 இருப்பது அங்கே இருப்பவருக்குத் தெரியாது.

இரண்டு பக்கமும் தெரிந்தவர் நோயாளி மட்டும்தான். எனவே டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ மருந்துகளின் பெயர், ரேடியேஷன் கொடுத்த இடம், இப்போது எடுக்கும் மாத்திரைகள், கடைசி லிப்பிட் ரிப்போர்ட் ஆகியவற்றை போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளணும். ஜெராக்ஸ் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

உள்ளூரில் எங்கே பார்ப்பது? ரத்த அழுத்தம், சர்க்கரையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மருந்து தருகிறார்கள். பிசியோதெரபி சேவையும் இதில் உண்டு. லிப்பிட், தைராய்டு, எக்கோ போன்றவற்றுக்கு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை சாப்பிட்டா கேன்சர் வளருமா?
உடம்பின் எல்லா செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. சர்க்கரையை நிறுத்தி கேன்சரைப் பட்டினி போட முடியாது. ஆனால் அதிக சர்க்கரை எடையையும் ட்ரைகிளிசரைடையும் ஏற்றும். அதனால் குறைக்கணும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவங்க சோயா சாப்பிடலாமா?
உணவாக, அளவோடு சாப்பிடும் மீல்மேக்கர், சோயா பயறால் ஆபத்து இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. சோயா மாத்திரைகள் மட்டும் வேண்டாம்.

முட்டை மஞ்சள் கரு?
பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரு முட்டை பிரச்னை இல்லை. எல்டிஎல் மிக அதிகமாகவோ சர்க்கரை நோயோ இருந்தால் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யலாம்.

கொஞ்சமா மது, புகையிலை?
இரண்டுமே புற்றுநோய்க்கு நேரடிக் காரணங்கள். மது ட்ரைகிளிசரைடையும் ஏற்றும். புகையிலை ரத்தக்குழாயை அடைக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

எடை எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்?
வாரம் ஒரு தடவை, ஒரே நாளில், காலையில். மாதம் ஒரு தடவை இடுப்பளவு. ஒரு காலண்டரில் குறித்துவைத்தால் அடுத்த செக்-அப்பில் டாக்டருக்கும் உதவும்.

சிகிச்சை முடிந்தவரின் குடும்பத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. "படுத்துக்கோ" என்பதற்குப் பதிலாக, "வாம்மா, ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூட ஓர் ஆள் கிளம்பினால் போதும். அதே பாசம்தான், ஆனால் இப்போது உடம்புக்குத் தேவைப்படுவது இதுதான்.